127 டிகிரி என்றால் நம்பாதீர்கள்

எங்கள் தெருவில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பெண்ணின் வீட்டில் பழைய டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது. லினக்ஸ் போட்டது. வெயில் ஏறியதும் மதிய நேரத்தில் தானாகவே அணைய ஆரம்பித்தது. அவள் அப்பா அதைத் தூக்கிக்கொண்டு டவுனில் ஒரு கடைக்குப் போனார். திரையில் வெப்பநிலை 127 டிகிரி என்று காட்டியிருக்கிறது. "போர்டு போயிடுச்சு, மாத்தணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் மதர்போர்டின் விலை லேசான தொகை இல்லை. "எதுக்கும் நீங்க ஒருவாட்டி பார்த்துச் சொல்லுங்கண்ணே" என்று என்னிடம் கொண்டுவந்தார்.

போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த 127 வெப்பமே இல்லை.

மதர்போர்டில் சூப்பர் ஐ/ஓ என்றொரு சிப் இருக்கும். பெரும்பாலும் நுவோட்டான் அல்லது ஐடிஇ நிறுவனத்தின் சிப். வெப்பம், விசிறியின் வேகம், மின்னழுத்தம் எல்லாவற்றையும் அளப்பது அதன் வேலை. வெப்பம் அளக்க அதற்குப் பல கால்கள் உண்டு. ஆனால் போர்டு செய்கிறவர்கள் எல்லாக் காலிலும் தெர்மிஸ்டரைப் பொருத்துவதில்லை. ஒன்றும் பொருத்தாமல் விட்ட கால், எட்டு பிட்டில் எழுத முடிந்த கடைசி எண்ணைத் தந்துவிடும்: ஒருபக்கம் 127, மறுபக்கம் மைனஸ் 128. லினக்ஸில் 'சென்சார்ஸ்' கட்டளையைக் கொடுத்தால் அந்த எண்ணும் மற்ற எண்களோடு வரிசையில் வந்து நிற்கும். பார்க்கிறவருக்குப் பகீரென்று இருக்கும்.

பார்க்க வேண்டியது ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் சென்சாரை. இன்டெல் ப்ராசசரில் அது 'கோர்டெம்ப்' என்ற தலைப்பின் கீழ் வரும். தாங்கக்கூடிய உச்சத்துக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்பதைத்தான் அந்த சென்சார் அளக்கிறது. அதனால் குளிர்ந்திருக்கும்போது கொஞ்சம் முன்பின் காட்டினாலும், சூடு ஏறிய நிலையில் அதை நம்பலாம். இந்தக் கணினியில் அது 96 காட்டியது. கோளாறு அங்கேதான். கவரைக் கழற்றினால் ஹீட்சிங்கின் இடுக்கு முழுக்கத் தூசி. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற ஊர் இது. ஆறு காய்ந்த மாதங்களில் காற்றோடு மணலும் வரும். தூசியைத் தட்டி, காய்ந்து பொருக்குத் தட்டியிருந்த பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாகத் தடவியதும் வெப்பம் அறுபதுகளுக்கு இறங்கியது.

இன்னும் இரண்டு எண்கள் பயமுறுத்தின. சிபியு விசிறி 0 என்று காட்டியது. விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, அதன் வயர் வேறொரு சொருகியில் இருந்தது. 12 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 1 வோல்ட் காட்டியது. சிப்பால் 12 வோல்ட்டை நேரடியாக அளக்க முடியாது. ரெசிஸ்டர்கள் வழியாகக் குறைத்து உள்ளே அனுப்புவார்கள். எத்தனை பங்கு குறைத்தார்கள் என்பது தெரிந்தால்தான் திரும்பப் பெருக்கி உண்மையான அளவைச் சொல்ல முடியும். டிவி மெக்கானிக்கிடம் மல்டிமீட்டர் வாங்கி, பவர் சப்ளையின் மஞ்சள் வயருக்கும் கறுப்பு வயருக்கும் நடுவில் வைத்துப் பார்த்தேன். 12 வோல்ட் சரியாக வந்தது. 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் இருந்தால் கவலை வேண்டாம்.

சில போர்டுகளில் இந்த எண்கள்கூட வராது. 'சென்சார்ஸ்-டிடெக்ட்' கட்டளை சிப்பைக் கண்டுபிடித்துவிடும். டிரைவரை ஏற்றப் போனால் அந்தச் சிப்பின் முகவரியை பயாஸின் ஏசிபிஐ பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கெர்னல் மறுத்துவிடும். அந்தத் தடையைத் தளர்த்த ஒரு பூட் அளவுரு இருக்கிறது. ஒரே சிப்பை பயாசும் லினக்ஸும் ஒரே சமயத்தில் தொட்டால் விபரீதம் ஆகலாம். வேறு வழி இல்லை என்றால் மட்டும் அதைத் தொடுங்கள்.

எந்தக் காலில் என்ன பொருத்தியிருக்கிறது, எத்தனை பங்கு குறைத்திருக்கிறது என்பதெல்லாம் போர்டைச் செய்த நிறுவனத்துக்குத் தெரியும். தெரிந்தும் பெரும்பாலான நிறுவனங்கள் வெளியிடுவதில்லை. என் கோபமெல்லாம் இதன்மேல்தான். 2017-இல் வந்த ஏஎம்டி ரைசன் ப்ராசசர்களில் சில, உண்மை வெப்பத்தைவிட 20 டிகிரி கூட்டிக் காட்டின. விசிறிக் கட்டுப்பாட்டுக்காக நாங்களே கூட்டினோம் என்று ஏஎம்டி வெளிப்படையாகச் சொன்னது. லினக்ஸ் டிரைவரில் அதைக் கழித்துவிட்டார்கள். அதே டிரைவரில் 2020-இல் மின்னழுத்தமும் மின்னோட்டமும் காட்டும் வசதி வந்தது. ஆனால் அதற்கான ஆவணத்தை யாரும் தரவில்லை. தப்பான எண்கள் வருகின்றன என்று புகார்கள் குவிந்ததும், பராமரித்துவந்த குந்தர் ரோக் அந்த வசதியையே எடுத்துவிட்டார். ஒரு பக்கம் விவரம் கிடைத்தால் எல்லோருக்கும் தீர்ந்துபோகிற பிரச்சினை இது.

எங்கள் ஊர் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இங்கிருந்த ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையில் பதினைந்து படுக்கைகள், ஒரு வைத்தியர், அறுவை செய்கிறவர், மூலிகை கொண்டுவருகிறவர்கள், யாருக்கு எவ்வளவு நெல், எந்தெந்த மருந்து இருப்பில் இருக்க வேண்டும் என்பது வரை கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் நின்று படிக்கலாம். ஒரு மருத்துவமனையின் நடைமுறையை அப்படிப் பொதுவில் வைத்தவர்கள் வாழ்ந்த ஊரில், காசு கொடுத்து வாங்கிய போர்டின் விவரம் வாங்கியவருக்கே மறைக்கப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சென்னை சி-டாக் உருவாக்கிய போஸ் லினக்ஸும் பிள்ளைகளின் கைக்கு வந்தது. இவ்வளவு கணினிகளை மொத்தமாக வாங்கும் அரசு, சென்சார் விவரங்களையும் ஒப்படைக்க வேண்டும் என்று டெண்டரில் ஒரு நிபந்தனை சேர்த்தால் நிறுவனங்கள் கொடுத்துத்தான் ஆகவேண்டும். அரசுக்காகக் கணினிகளை வாங்கும் எல்காட் இதைச் செய்ய வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது. பொய் சொல்லும் காலை மறைக்கவும், வோல்ட்டைச் சரியாகப் பெருக்கவும், விசிறிக்குப் பெயர் வைக்கவும் சென்சார்ஸ்.டி கோப்புறையில் நான்கைந்து வரிகள் போதும். அந்தப் பெண்ணின் கணினிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நீங்களும் உங்கள் போர்டுக்கு எழுதினால் போர்டின் மாடல் பெயரோடு பொதுவில் வையுங்கள். சந்தேகம் வந்தால் காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவில் தமிழிலேயே கேட்கலாம். யாராவது போர்டை மாற்றச் சொன்னால், ப்ராசசருக்குள் இருக்கும் சென்சார் என்ன காட்டுகிறது என்று முதலில் கேளுங்கள்.