‘நீவு நம்மவரு’ என்னும் சலுகை

2016 செப்டம்பர் 12, திங்கட்கிழமை. விநாடிக்கு 12,000 கன அடி வீதம் காவிரியில் தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் திறக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட நாள். பெங்களூரில் கம்பெனிகள் பிற்பகலிலேயே ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டன. தமிழ்நாட்டு நம்பர் வண்டிகளைத் தேடித் தேடி உடைத்துக்கொண்டிருந்தார்கள். சேலத்திலிருந்து வந்திருந்த என் மச்சினரின் கார் எங்கள் வாசலில் நின்றது. எதிர் வீட்டுக்காரர் கன்னடர். யாரும் கேட்காமலே ஒரு கோணிச் சாக்கை எடுத்துவந்து நம்பர் பிளேட்டின் மேல் தொங்கவிட்டார். தன் வீட்டு மஞ்சள் சிவப்புக் கன்னடக் கொடியைக் கார் கண்ணாடியில் செருகினார். ராத்திரி அவர் வீட்டம்மா சோறும் சாரும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “கதவைத் திறக்காதீங்க, யார் தட்டினாலும் நாங்க பேசிக்கிறோம்” என்று சொல்லிப் போனார். அந்த ராத்திரியை மறந்தால் நான் மனிதனே இல்லை.

பத்து நாள் கழித்து, பக்கத்துத் தர்ஷினி ஹோட்டலில் அவரோடு காபி குடித்துக்கொண்டிருந்தேன். பேச்சு காவிரிக்குப் போனது. “ஈ ஜனவே ஹீகே” என்றார். இந்த ஜனமே இப்படித்தான். வந்து பிழைப்பார்கள், சம்பாதிப்பார்கள், கடைசியில் தங்கள் ஊர்ப் பக்கம்தான் நிற்பார்கள் என்று அடுக்கினார். என் முகம் மாறியதைப் பார்த்ததும் தோளில் கை போட்டார். “நிமகெ ஹேளில்ல சார், நீவு நம்மவரு.” உங்களைச் சொல்லவில்லை, நீங்கள் நம்ம ஆள்.

நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

அவர் நல்லவர். ஆபத்துக் காலத்தில் வாசலில் வந்து நின்றவர். ஆனாலும் அவர் சொன்னது அநியாயம். அதைக் கேட்டு நான் சிரித்ததும் அநியாயம். ஒரு மனிதரிடம் அன்பாக இருப்பதும், அவரைப் பெற்ற கூட்டத்தை மொத்தமாக வெறுப்பதும் ஒரே நெஞ்சில் சண்டையில்லாமல் குடியிருக்க முடியும் என்பதுதான் இந்த நகரம் திரும்பத் திரும்பக் காட்டும் உண்மை. தெரிந்த ஒருவரிடம் காட்டும் பாசமே அந்த வெறுப்புக்கு நற்சான்றிதழ் ஆகிவிடுகிறது. “எனக்கு எத்தனை தமிழ் சிநேகிதர்கள் தெரியுமா? எனக்கா துவேஷம்?”

இது 2016-ல் தொடங்கியதல்ல. 1991-ல் காவிரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டிஎம்சி என்று இடைக்கால உத்தரவு போட்டது. டிசம்பர் 11 அன்று மத்திய அரசு அதை அரசிதழில் வெளியிட்டது. மறுநாளே தீ வைப்பும் கொள்ளையும் தொடங்கின. தமிழர்கள் நெருக்கியடித்து வாழும் குடிசைப் பகுதிகளில் வீடுகள் எரிந்தன. பல்லாயிரம் பேர் கைக்குழந்தைகளோடு ஓசூர்ப் பக்கம் ஓடினார்கள். அந்த நாட்களைப் பற்றிப் பேசும் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில், “பக்கத்து வீட்டுக் கவுடாதான் எங்களை உள்ளே வைத்துப் பூட்டிக் காப்பாற்றினார்” என்று சொல்லாத வீடு குறைவு. அது உண்மை. ஆனால் யாருக்குப் பக்கத்து வீட்டுக் கவுடா இருந்தார்? சொந்த வீடோ பல வருஷ வாடகை வீடோ உள்ளவருக்கு, பிள்ளையைக் கன்னடப் பிள்ளைகளோடு ஒரே பள்ளிக்கு அனுப்பியவருக்கு இருந்தார். தர்மபுரியிலிருந்து முந்தின மாதம் வந்து, சாரத்தில் ஏறிச் சிமெண்டுச் சட்டி தூக்கிய பெண்ணுக்கு யார் இருந்தார்? அவள் பெயர் எந்த வீட்டுக்கும் தெரியாது. ‘நம்மவர்’ என்ற சலுகை பழக்கத்தைப் பார்த்து வருவது. பழக்கம் வசதியைப் பார்த்து வருவது. காப்பு அதிகம் வேண்டியவனுக்கு அது கடைசியாகக்கூடப் போய்ச் சேருவதில்லை.

2016-லும் அதுதான். நாயண்டஹள்ளி அருகே, தமிழ்நாட்டு பஸ் கம்பெனியான கேபிஎன்னின் டிப்போவில் நாற்பதுக்கும் மேற்பட்ட பஸ்கள் வரிசையாக எரிந்தன. பண்டிகைக்கு ஊருக்குப் போகும் எத்தனை பெங்களூர்க்காரர்களை, தமிழர், கன்னடர் என்று பாராமல் ஏற்றிப்போன பஸ்கள் அவை! டிரைவரை யாருக்குத் தெரியும்?

இன்னொன்று என் மனதை விட்டு அகலாதது. இந்த ஊரில் குழாயைத் திறந்தால் வருவதும் காவிரிதான். தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏற்றி வரும் அதே தண்ணீரைத்தான் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தமிழன் குடிக்கிறான். 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 14.75 டிஎம்சி குறைத்தபோது, அதில் 4.75 டிஎம்சியைப் பெங்களூரின் குடிநீருக்கு என்று தனியே குறித்துக் கொடுத்தது. தஞ்சாவூர் வயலில் குறைந்தது இங்குள்ள தமிழன் வீட்டுப் பானையிலும் சேர்கிறது. தண்ணீர்க் கணக்கில் பெங்களூர்க்காரன், அடி வாங்கும்போது மட்டும் தமிழ்நாட்டுக்காரனா?

பழி தமிழர் தலையில் மட்டும் விழுவதும் இல்லை. 1994 அக்டோபரில் தூர்தர்ஷன் பத்து நிமிட உருதுச் செய்தியை ஆரம்பித்ததற்காக இந்த நகரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2012 ஆகஸ்டில் வெறும் குறுஞ்செய்தி வதந்தியைக் கேட்டு வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரமாயிரமாகச் சிட்டி ஸ்டேஷனில் குவிந்தார்கள். குவஹாத்திக்குத் தனி ரயில்கள் விட வேண்டியிருந்தது. மறுநாள் அப்பார்ட்மெண்ட் கேட்டுகள் காவலாள் இல்லாமல் கிடந்தன. “நல்ல பையன், பாவம்” என்று பலரும் வருத்தப்பட்டார்கள். அஸ்ஸாம்காரனான அந்தப் பையனை இரண்டு வருஷமாக “நேபாளி” என்றே கூப்பிட்டவர்களும் அவர்கள்தான். அந்த அவர்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

நம் வீட்டுக் குப்பையையும் கிளறத்தான் வேண்டும். அதே செப்டம்பர் 12 அன்று சென்னை மயிலாப்பூரில் நியூ உட்லண்ட்ஸ் ஹோட்டலை நம்மவர்கள் தாக்கினார்கள். உடுப்பிக்காரர் சுட்ட தோசையையும் ஆற்றிய காபியையும் சென்னை எத்தனை தலைமுறையாகச் சாப்பிட்டிருக்கிறது! ராமேஸ்வரத்தில் கர்நாடக வண்டி ஓட்டி வந்த டிரைவரை மடக்கி அடித்தார்கள். இன்று திருப்பூரிலும் கோவையிலும், “எங்க கம்பெனிப் பையன் தங்கம், ஆனா இந்த வடக்கன்ஸ் இருக்கானுங்களே” என்ற பேச்சு சாதாரணமாகிவிட்டது. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது ஏராளமானோர் அவசரமாக ரயிலேறினார்கள். வீடியோ பொய்தான். ஆனால் அந்தப் பொய்யை நம்பும் அளவுக்கு அவர்கள் காதில் நம் பேச்சு விழுந்திருந்தது.

இது நம் இரண்டு ஊர்களின் நோய் மட்டுமல்ல. அமெரிக்காவில் சீனர் மீது வெறுப்பு மிகுந்திருந்த காலத்தில், ரிச்சர்ட் லாபியேர் என்ற சமூகவியலாளர் ஒரு சீனத் தம்பதியோடு அந்த நாட்டைச் சுற்றினார். 251 ஹோட்டல்களிலும் உணவகங்களிலும் நுழைந்தார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் இடம் மறுக்கப்பட்டது. பிற்பாடு அதே இடங்களுக்கு, சீனரை ஏற்பீர்களா என்று கடிதம் எழுதிக் கேட்டார். பதில் போட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் மாட்டோம் என்றார்கள். 1934-ல் அவர் இதை வெளியிட்டார். சிரித்த முகத்தோடு எதிரே நின்றவருக்கு அறை கிடைத்தது. ‘சீனர்’ என்ற சொல்லுக்குக் கதவு சாத்தப்பட்டது. இதைப் படித்துவிட்டு, மனிதன் நேரில் நல்லவன்தானே என்று ஆறுதல் கொள்பவர்கள் உண்டு. எனக்கு அந்த ஆறுதல் இல்லை. சட்டமும் ஓட்டும் வாடகை ஒப்பந்தமும் வேலைக்கு ஆள் எடுப்பதும் நடப்பது சொல்லை வைத்து. கலவரமும் சொல்லை வைத்தே நடக்கிறது.

அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையை நினைத்துப் பாருங்கள். 1991-ல் வைத்த சிலை. திறக்க விடவில்லை. பதினெட்டு வருஷம் அது மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று அன்றைய முதல்வர்கள் கருணாநிதியும் எடியூரப்பாவும் நின்று திறந்தார்கள். நான்கு நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. அந்தப் பதினெட்டு வருஷமும் அல்சூரில் கன்னடரும் தமிழரும் ஒரே சந்தையில் காய் வாங்கினார்கள், ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொருவர் போனார்கள். அன்புக்குக் குறைவில்லை. சிலை மட்டும் சுற்றிய துணியோடு நின்றது. என் மச்சினர் காரின் நம்பரை மூடிய சாக்கு எனக்கு அதைத்தான் நினைவூட்டுகிறது. எங்களைக் காப்பாற்ற நாங்கள் யார் என்பதை மறைக்க வேண்டியிருந்தது. அன்று அது உயிர் காத்த உதவி. அப்படி மறைக்க வேண்டியிருப்பதே ஊர் வழக்கம் ஆனால் அது அவமானம்.

ஆகவே தெரிந்தவரைக் காப்பாற்றுகிற நல்ல மனிதர்களிடம் இன்னும் ஒன்றைக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. “இந்த ஜனமே இப்படித்தான்” என்று உங்கள் மேசையில் ஒருவர் ஆரம்பிக்கும்போது, அந்த ஜனத்தில் ஒருவரும் அங்கே இல்லாதபோது, நிறுத்துங்கள் என்று சொல்லுங்கள். அது சாக்கு கட்டுவதைவிடக் கஷ்டமான வேலை. விலக்குப் பெற்றவருக்கும் கடமை உண்டு. ‘நீவு நம்மவரு’ என்ற சலுகையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர், மற்றவர்களை அந்தப் பழியோடு விட்டுவிட்டு வருகிறார். நான் அப்படித்தான் வந்தேன்.

எத்தனையோ வருஷம் தாமதித்து, அதே தர்ஷினியில், ஒரு பை-டூ காபி வாங்கி நின்றபோது அவரிடம் கேட்டேன்: “நான் நம்மவர்னா, ஸ்ரீராமபுரத்துல மூட்டை தூக்குற தமிழன் யாரு சார்?” அவர் உடனே பதில் சொல்லவில்லை.