சாமியார் வந்தால் சாவு வந்ததா?

வீட்டுப் பெரியவர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். மூச்சு இரைக்கிறது. "சாமியாரைக் கூப்பிடலாமா?" என்று மருமகள் மெல்லக் கேட்கிறாள். மகன் பதறுகிறான். "ஐயையோ, வேண்டாம்! சாமியாரைப் பார்த்தால் அப்பா பயந்துவிடுவார். இன்னும் இரண்டு நாள் போகட்டும்."

போடி, ராசிங்காபுரம் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. இரண்டு நாள் போகிறது. சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு வந்து நிற்கும்போது பெரியவருக்கு நினைவு இல்லை. மனத்தில் இருந்ததைச் சொல்ல முடியவில்லை. செபத்துக்கு 'ஆமென்' சொல்லவும் நாக்கு எழவில்லை. இந்தத் தாமதத்தால் யாருக்கு என்ன லாபம்?

பெயர் செய்த வினை

ஏழு அருட்சாதனங்களில் ஒன்றான இதற்கு முன்பு 'அவஸ்தைப்பூசுதல்' என்று பெயர். அவஸ்தை என்றால் சாகும் தறுவாய் என்றே மக்கள் எண்ணிவிட்டார்கள். 'நோயில் பூசுதல்' என்பதே பொருத்தமான பெயர் என்று 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லிற்று. 1972-ல் பாப்பரசர் ஆறாம் பவுல் சடங்கையும் திருத்திக் கொடுத்தார். முன்பு கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று பூசினார்கள். இப்போது நெற்றியிலும் கைகளிலும் பூசுகிறார்கள். ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடத்தில் வேறு தாவர எண்ணெயும் ஆகும்.

பெயர் மாறிவிட்டது. நம் பயம்தான் மாறவில்லை.

கடும் நோயில் விழுந்தவர், நோய் முற்றிப் பெரிய ஆபரேஷனுக்குப் போகிறவர், முதுமையால் தளர்ந்தவர் எல்லாரும் இதைப் பெறலாம். குணமாகி மறுபடி நோயில் விழுந்தால் மறுபடியும் பெறலாம். சாகப் போகிறவருக்கென்று உள்ளது 'வழியுணவு' என்னும் நற்கருணை. அது வேறு, இது வேறு.

எண்ணெய் எதற்கு?

புனித வாரத்தில் மதுரைப் பேராயர் மூன்று எண்ணெய்களைப் புனிதப்படுத்துகிறார். ஒன்று நோயாளிகளுக்கு. மற்றொன்று ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்களுக்கு. மூன்றாவது, நறுமணப் பொருள் கலந்த கிறிஸ்மா தைலம். ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், குருப்பட்டம் ஆகியவற்றுக்கு அது உரியது. தேனி மாவட்டத்துக் கோயில்களுக்கும் அங்கிருந்தே இவை வருகின்றன.

குழந்தையின் உச்சியில் தைலம் பூசும்போது நாம் மகிழ்ந்து போட்டோ எடுக்கிறோம். தாத்தாவின் நெற்றியில் எண்ணெய் பூசும்போது மட்டும் அழுகிறோம். இது நியாயமா?

ஏலத்தோட்டத்தில் நாளெல்லாம் குனிந்து காய் பறித்துவிட்டு, ஜீப்பில் மலையிறங்கி வருகிறாள் தாய். இடுப்பு ஒடிகிறது. மகள் எண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்துவிடுகிறாள். வலி முழுவதும் போய்விடுகிறதா? இல்லை. ஆனால் "நான் இருக்கிறேன், அம்மா" என்று அந்தக் கை சொல்கிறது. நோயில் பூசும்போது கடவுள் நோயாளிக்குச் சொல்வதும் அதுதான்.

இதற்காக டாக்டரை விட்டுவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். திருச்சபை அப்படிச் சொல்லவில்லை. ஊசி, மருந்தும் வேண்டும், செபமும் வேண்டும். எண்ணெய் மந்திரமும் அல்ல, மாயமும் அல்ல.

யார் அழைப்பது?

அப்போஸ்தலர் காலத்து யாக்கோபின் நிருபம் என்ன சொல்கிறது? நோயாளியே சபையின் மூப்பர்களை வரவழைக்க வேண்டும். அவர்கள் எண்ணெய் பூசிச் செபிக்க வேண்டும். கவனியுங்கள், அழைப்பவர் நோயாளி! அறிவு தெளிவாக இருக்கும்போதுதானே அவர் அழைக்க முடியும்?

ஆகவே நோய் கடுமையானதும், "சாமியாரை வரச் சொல்லட்டுமா?" என்று நோயாளியையே கேளுங்கள். அவர் சம்மதித்தால் பிள்ளைகளையும் பேரன் பேத்திகளையும் கூட்டி வையுங்கள். பெரியவரும் வாய் திறந்து செபிக்கட்டும். முடிந்ததும் சாமியாருக்கும் அவருக்கும் சேர்த்தே காப்பி கொடுங்கள்.