நல்லாத்தானே இருக்கான், மாத்திரையை நிறுத்திடலாமா?

தில்லியில் மனநல வார்டு நர்ஸாகப் பதினோரு வருஷம் ஓடிவிட்டது. தமிழ்க் குடும்பம் யாராவது வந்தால் முதல் கேள்வி, "நீங்க தமிழா சிஸ்டர்?" அடுத்த கேள்விதான் மேலே தலைப்பில் இருப்பது.

போன மாசமும் ஒரு அம்மா கேட்டார் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). மகனுக்கு 22 வயது. மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா. ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டுத் தேறி, காலேஜுக்கும் போக ஆரம்பித்துவிட்டான். பெண்ணுக்கு வரன் வந்ததும், வெளியே தெரியக்கூடாது என்று மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். நாலாம் மாசம் குரல்கள் திரும்பி வந்தன. குரல்கள் தமிழில் திட்டுகின்றன, டாக்டர் இந்தியில் கேட்கிறார், நடுவில் நான்.

அந்த அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. ஊரை விட்டு வந்த நமக்கு ஒளிப்பது சுலபம். போனில் "எல்லாரும் சௌக்கியம்" என்றால் முடிந்தது. ஆனால் நோயை ஒளித்தால் வைத்தியத்தையும் ஒளிக்க வேண்டி வருகிறதே!

இது 'அந்நியன்' படத்தில் வரும் சமாச்சாரம் இல்லை. பேயும் இல்லை, வளர்ப்பின் குற்றமும் இல்லை. மூளை சம்பந்தப்பட்ட நோய். 1950களிலிருந்தே இதற்கு மருந்து இருக்கிறது. மருந்து குரல்களை அடக்கி வைக்கும். சட்டென்று நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வரும். கை நடுங்குகிறதா, எடை கூடுகிறதா? டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். தினமும் விழுங்க முடியாதவர்களுக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசியும் உண்டு.

வார்டில் நாங்கள் செய்வதை வீட்டிலும் செய்யலாம். குரல் கேட்கிறது என்றால் "பொய்" என்று சண்டை போடாதீர்கள், "ஆமாம்" என்றும் சொல்லாதீர்கள். "எனக்குக் கேக்கலப்பா, ஆனா நீ பயந்திருக்கேன்னு புரியுது" என்றால் போதும். தூக்கம் கெட ஆரம்பித்தால் உடனே டாக்டரிடம் போங்கள். குத்திக்காட்டிப் பேசுகிற வீட்டில் நோய் சீக்கிரம் திரும்புகிறது என்று ஆராய்ச்சிகளே சொல்கின்றன.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. வெட்கத்தைச் சட்டம் போட்டுத் தடுக்க முடியுமா? அது நம் வீட்டு வேலை.

தில்லியில் தில்ஷாத் கார்டன் இபாஸ், சென்னையில் ஸ்கார்ஃப் இருக்கின்றன. 14416க்குப் போன் செய்தால் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

டிஸ்சார்ஜ் அன்று அந்த அம்மா, "எத்தனை நாளைக்கு சிஸ்டர்?" என்றார். "உங்க பிரஷர் மாத்திரை எத்தனை நாளைக்கும்மா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மாத்திரைச் சீட்டை வாங்கிக் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.