பழைய ஸ்கைலைனும் அதனை உடையோர் கடமையும்

எமது கல்லூரியின் பழைய மாணவர் இன்று யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மட்டுமன்றி, இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் பரந்து வாழ்கின்றனர். அவர்களுள்ளும் அவர்தம் பிள்ளைகளுள்ளும் பழைய யப்பானிய விரைவுக் கார்களின்பால் தீராத விருப்பங் கொண்டோர் சிலர் உளர். இஃது வீண் செலவென்றும் இளமைச் செருக்கென்றும் மூத்தோர் சிலர் கடிந்துரைப்பதுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு வீணையைப் பேணுவோனையும் ஒரு பழைய கடிகாரத்தைத் திருத்துவோனையும் மெச்சுகின்ற நாம், ஒரு நல்ல எஞ்சினைப் பேணுவோனை மட்டும் இகழ்வது நியாயமன்று. ஆயின் அத்தகைய காரொன்றை உடையவர் அதனை எவ்வாறு வைத்திருத்தல் வேண்டும் என்பது பற்றி எமக்கு ஓர் உறுதியான கருத்துண்டு. முதலிற் செப்பனிடுக, பின்னரே மாற்றியமைக்க, மாற்றியதை மீட்கக்கூடியதாக மாற்றுக, யாவற்றுக்கும் மேலாக, அதனை ஓட்டுக என்பதே அது.

பொதுப்படப் பேசுவதிலும் ஒரு காரை முன்னிறுத்திப் பேசுதல் விளக்கந் தரும். நிசான் நிறுவனம் 1989 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் வெளியிட்ட ஸ்கைலைன் ஜி.ரி.ஆர். என்னுங் காரையே எடுத்துக்கொள்வோம். ஆர் 32 என்னும் குறியால் அன்பர்கள் அதனை அழைப்பர். ஜி.ரி.ஆர். என்ற பெயர் 1969 இலேயே தோன்றியது. 1973 இல் அப்பெயருடன் வந்த அடுத்த காரில் 197 மட்டுமே விற்பனையாயின. அதன்பின் அப்பெயர் 16 ஆண்டுகள் உறங்கிற்று. இட்டோ நகனோரி என்னும் பொறியியலாளரின் தலைமையில் உழைத்த குழுவினரே அதனை மீண்டும் எழுப்பியவர்கள். அவர்கள் கருத்திற் கொண்டது பந்தயம். அக்காலப் பந்தய விதிப்படி, டேர்போ பூட்டிய எஞ்சினின் கொள்ளளவை 1.7 ஆற் பெருக்கியே அது எவ்வகுப்பைச் சேர்ந்ததெனத் தீர்மானிப்பர். 2568 கன சென்ரிமீற்றரை அவ்வாறு பெருக்கின் ஏறத்தாழ 4366 வரும். அஃது 4500 என்னும் எல்லைக்குள் அடங்கும். வழக்கத்துக்கு மாறான அந்த 2.6 இலீற்றர் அளவு பிறந்த கதை இதுவே. கணக்கு எதற்கு உதவுமென வினவும் மாணவர் இதனைச் சற்றே கவனிப்பாராக. 1990 முதல் 1993 வரை யப்பானின் ரூறிங் கார்ப் போட்டித் தொடரில் இக்கார் பங்குகொண்ட 29 போட்டிகளிலும் இதுவே வென்றது. அவுஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் போட்டியிலும் 1991, 1992 ஆகிய ஈராண்டுகளும் வாகை சூடிற்று. அந்நாட்டுச் சஞ்சிகையொன்று இதற்குச் சூட்டிய கொட்சில்லா என்ற பட்டப்பெயர் இன்றும் நிலைத்திருக்கின்றது.

இனி, இக்காரைப் பற்றி எழும் தலையாய வழக்குக்கு வருவோம். செய்தவர் செய்தபடியே வைத்திருத்தல் வேண்டுமா, மாற்றியமைக்கலாமா என்பதே அவ்வழக்கு. மாற்றுதல் பெரும் பிழையென்று வாதிப்போர் இக்காரின் பிறப்பை அறியாதவர் என்போம். யப்பானில் 1988 ஆம் ஆண்டில் வீதி விபத்துக்களில் மாண்டோர் தொகை 10,000 ஐக் கடந்தது. நாடு கலங்கிற்று. 280 குதிரைவலுவுக்கு மேற்பட்ட காரை விற்பதில்லை என்று கார் செய்வோர் தமக்குள் ஓர் உடன்பாடு கண்டனர். 2004 வரை அது நிலவியது. பந்தயத்துக்கு அணியஞ்செய்தபோது 500 குதிரைவலுவுக்கு மேல் தந்த அதே எஞ்சின், கடையில் விற்ற காரில் 280 என்று குறிக்கப்பட்டமைக்குக் காரணம் இதுவே. வார்ப்பிரும்பினாலான அதன் உடல் பன்மடங்கு பாரந் தாங்கவல்லது. டேர்போவின் அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் சிறு குழாயொன்றினுள்ளே துளை ஒடுங்கிய ஒரு தடையை வைத்து, ஏறத்தாழ முக்கால் வளிமண்டல அளவோடு அமுக்கத்தை நிறுத்தினர். அத்தடையை அகற்றுதற்கு ஐந்து நிமிடமும் ஒரு சிறு குறடும் போதும். ஆகவே மாற்றத்துக்கான இடம் இக்காரினுள்ளே செய்தவராலேயே வைக்கப்பட்டது எனலாம்.

அவ்விடத்தை அறியாமற் புகுவோருக்கு அதுவே பொறியுமாகின்றது. அத்தடையை இழுத்தெறிந்துவிட்டு ஆர்ப்பரிக்கும் இளைஞர், டேர்போவினுள்ளே வெப்பவாயுவினாற் சுழலும் சில்லு எதனாலாயது என்று கேட்பதில்லை. அது செராமிக் என்னும் வனைபொருள். உருக்கினும் இலேசானது, ஆதலால் விரைந்து சுழலத் தொடங்கும், மிதிப்பவன் கால் அசைந்தவுடன் கார் பாயும். ஆனால் அமுக்கத்தைக் கூட்டக் கூட்ட வெப்பமும் சுழற்சியும் ஏறி, ஒருநாள் அச்சில்லு தண்டிலிருந்து கழன்று நொறுங்கிவிடும். செய்தவர்களும் இதனை அறியாதவரல்லர். பந்தய விதிக்காக 1990 இல் தனியே செய்த 560 கார்களில் வனைபொருட் சில்லை நீக்கி உருக்குச் சில்லையே வைத்தனர். எங்கே வலுவைக் கூட்டலாம், எதனை முன்னர் மாற்றவேண்டும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த பாடநூல் வேண்டுமோ?

எண்ணெய்ப் பம்பியின் கதையும் அத்தகையதே. ஆரம்ப ஆண்டுகளிற் செய்த எஞ்சின்களில், கிராங்க் தண்டு எண்ணெய்ப் பம்பியைச் சுழற்றுமிடத்தில் இரண்டும் பொருந்தும் அகலம் போதாது. அமைதியாக ஓட்டுவோர்க்கு அது பல்லாண்டு உழைக்கும். எஞ்சினை அதன் உச்சச் சுழற்சியில் அடிக்கடி முட்டவிடுவோர்க்கோ பம்பியின் பற்சில்லு வெடிக்கும், எண்ணெய் நிற்கும், சில விநாடிகளில் எஞ்சின் முழுவதும் பாழாகும். பின்னர் வந்த எஞ்சின்களில் அவ்வகலத்தைக் கூட்டினர். பழைய தண்டுக்கும் கடைசல் வேலையால் ஒரு வளையம் பூட்டிக் குறையை நீக்கலாம். இவ்வேலை வெளியே தெரியாது. நண்பர் கூட்டத்திற் காட்டிப் பெருமைப்படவும் இயலாது. ஆயினும் பளபளக்கும் சில்லுகளுக்கும் பின்னாற் பூட்டும் பெரிய சிறகுக்கும் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை முதலில் இதற்குச் செலவிடாதவர், காரை அறிந்தவரென்று தம்மைக் கூறிக்கொள்வது பொருந்தாது.

செப்பனிடுதலே முதலாவது என்று நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் வயது. இக்கார்களில் மிகப் பிந்தியது 1994 இற் செய்யப்பட்டது. ஆகவே எதுவும் முப்பதாண்டைக் கடந்ததே. முப்பதாண்டில் இரும்பு கெடுவதினும் இறப்பர் முந்திக் கெடும். குழாய்கள் வெடிக்கும், மின்கம்பி இணைப்புக்களின் பிளாஸ்ரிக் பிடித்தவுடன் நொறுங்கும், பின்சில்லுகளின் மேலுள்ள தூண்களிலும், ஜக்கு வைக்கும் இடங்களிலும் கறள் உள்ளிருந்து அரிக்கும். உட்புகும் காற்றை அளக்கும் கருவிகள் இரண்டுள்ளன. அவற்றினுள்ளே பற்றாசு வைத்த இடங்கள் காலப்போக்கில் மயிரிழையாய் வெடித்துவிடும். எஞ்சின் விக்கும், திணறும், நின்றுபோகும். உடையவர் எஞ்சினே போய்விட்டதென்று கலங்குவார். விற்பவர் புதிய கருவி வாங்கும்படி கூறுவார். சூடேற்றிய பற்றாசுக் கோலும் நடுங்காத கையும் உடைய ஒருவர் அரைமணி நேரத்தில் அதனைச் சீராக்கிவிடலாம். ஆய்வுகூடத்தில் மின்சுற்று அமைக்கக் கற்ற உயர்வகுப்பு மாணவனால் இயலாத வேலையன்று இது. இத்தகைய குறைகள் நிறைந்த காரில் அமுக்கத்தைக் கூட்டுதல், காய்ச்சலோடு கிடப்பவனை ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்புதல் போலாகும். பிறேக்கும் ரயரும் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. விரைவைக் கூட்டுபவன் நிறுத்தும் வழியை முன்னர்த் தேடல் வேண்டும். அவனுயிர் மட்டுமன்றி வீதியிற் செல்லும் பிறருயிரும் அதிலே தங்கியுள்ளது. நள்ளிரவில் அயலவர் துயிலைக் கலைக்கும் புகைக்குழாய்களைப் பற்றி நாம் எழுதப் புகுந்தால் மலராசிரியர் தந்த பக்கங்கள் போதா.

கெடுக்கும் இளைஞரைப் போலவே பூட்டிவைக்கும் செல்வரும் எமக்கு உவப்பானவரல்லர். இன்றைய ஆபத்து பெரிதும் இவர்களாலேயே என்பது எமது துணிபு. அயல்நாட்டிற் செய்த கார் 25 ஆண்டுகளைக் கடந்தால் அதன் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்களிப்பது அமெரிக்காவின் வழக்கம். கனடாவில் அவ்வெல்லை 15 ஆண்டு. 2014 இல் முதலாவது ஆர் 32 கார்கள் அமெரிக்க எல்லையைக் கடக்கும் வயதை எய்தின. அதன்பின் விலை ஏறிற்று. விலை ஏறவே, காரைக் காணியும் தங்கமும் போல் வாங்கி, துணியால் மூடி, ஓட்டாது வைப்போர் பெருகினர். மூடி வைத்தால் கெடாது என்பது அறியாமை. நின்ற காரில் பெற்றோல் பிசினாகின்றது. தாங்கியினுள் கறள் பிடிக்கின்றது. பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகின்றது. எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் இறப்பர் வளையங்கள் உலர்ந்து சுருங்குகின்றன. எஞ்சினின் மேற்பகுதியைச் சுழற்றும் பட்டியை 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுதல் வேண்டும். ஆயின் பட்டிக்கு வயதும் ஒரு தூரமே. பத்தாண்டு நின்ற காரின் பட்டியை நம்பி எஞ்சினைத் தொடக்குபவன் துணிச்சற்காரன்.

கார் கெடுவது ஒருபுறமிருக்க, அதனைத் திருத்துங் கையும் கெடுகின்றது. ஓடுகின்ற காரே கராச்சுக்கு வரும். வருகின்ற காரிலேயே முதியவர் கைப்பழக்கம் இளையவர்க்குச் செல்லும். ஆறு உருளைக்கும் தனித்தனியே அமைந்த காற்றுக் கதவுகளை ஒன்றோடொன்று இசைப்பது எப்படியென்பதை நூலிற் படித்தறிதல் அரிது. காதாற் கேட்டு, விரலால் உணர்ந்து அறியவேண்டும். யப்பானிலே இக்கார் விற்பனையான காலத்தில் இதனைத் திருத்திய இளைஞர் இன்று முதுமையை எய்தியுள்ளனர். அந்நாட்டரசோ பழைய காருக்கு இரங்குவதில்லை: 13 ஆண்டுகளைக் கடந்த பெற்றோல் காருக்கு ஆண்டுவரியை ஏறத்தாழ 15 வீதங் கூட்டி அறவிடுகின்றது. அவ்வரியையுஞ் செலுத்தி, ஈராண்டுக்கொருமுறை வரும் பரிசோதனைக்கும் காரை நிறுத்தி, நாள்தோறும் ஓட்டுகின்றவர் அங்கு இன்னமும் உளர் என்பது எமக்கு மகிழ்ச்சி தருவதே. 2017 இன் இறுதியில் நிசானின் பந்தயப் பிரிவாகிய நிஸ்மோ, ஆர் 32 இற்கு வழக்கொழிந்த உதிரிப்பாகங்கள் சிலவற்றை மீண்டுஞ் செய்து விற்கத் தொடங்கியது. ஓட்டுவோர் இருந்து ஓயாது கேட்டமையாலன்றோ அது நிகழ்ந்தது? துணியால் மூடிய காருக்குக் குழாயும் வேண்டாம், கம்பியும் வேண்டாம்.

இவ்விடயத்தில் எம்மவர் எவர்க்கும் பின்னிற்க வேண்டியவரல்லர். 1990 களில் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, ஒஸ்ரின் ஏ 40 காரையும் மொறிஸ் மைனரையும் சிறிதளவு பெற்றோலாற் தொடக்கி மண்ணெண்ணெயால் ஓட்டியவர்கள் எமது ஊர் மெக்கானிக்குகள். மாற்றியமைத்தலென்றால் அதுவும் மாற்றியமைத்தலே. தேவை பெற்ற பிள்ளை. உதிரிப்பாகம் கிடையாத இடத்தில் கடைசல் பிடித்தும் ஒட்டியும் வெட்டியும் ஓடச்செய்த அக்கைகளின் அருமையை, 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரி வரை தனியார் கார்கள் வாராதிருந்த காலத்தில் நாடு முழுவதுமே உணர்ந்தது. ஆயினும் அக்கைகளுக்குரியோர் பெயரை எந்த மலரிலும் நாம் கண்டதில்லை.

கடைசியாக, மீட்கக்கூடிய மாற்றம் என்று நாம் மேலே கூறியதை விளக்குதல் கடன். பூட்டியதைக் கழற்றலாம், வெட்டியதை ஒட்டுதல் அரிது. ஆதலால் பெரிய குளிர்விப்பான் வைப்பதற்காக முன்சட்டத்தை அறுப்பவரும், அகன்ற சில்லுக்காகச் சில்லுமேற் தகட்டை வெட்டுபவரும் பலமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இக்கார்கள் ஏறத்தாழ 44,000 மட்டுமே செய்யப்பட்டன. இனிச் செய்யப்படப் போவதில்லை. கழற்றிய பழைய டேர்போவையும், அந்தச் சிறு குழாய்த் தடையையும், பழைய சுருள்வில்லையும் எறியாது துடைத்து எண்ணெய் பூசி, பெட்டியொன்றிற் பெயரெழுதி வைத்தல் வேண்டும். என்ன வேலை, எந்தத் திகதியில், எத்தனையாவது கிலோமீற்றரில், யார் கையாற் செய்யப்பட்டது என்பதை ஒரு கொப்பியிற் குறித்து வருதல் வேண்டும். கார் கைமாறும் நாளிற் திறப்போடு அப்பெட்டியும் கொப்பியும் புதியவர் கைக்குச் செல்லட்டும். வாங்க வருவோரும் பொனற்றின் பளபளப்பைப் பார்க்குமுன் அவ்விரண்டையும் கேட்டு வாங்கிப் பார்க்கப் பழகுவாராக.