குரலும் சிகிச்சையில் அடக்கம்

புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுதாக அகற்றியதும் சிகிச்சை முடிந்துவிட்டதாகக் கருதுவது தவறு. பேச்சை மீட்டுத் தருவதும் அதில் அடக்கம். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே பொருத்தும் சிறு சிலிக்கோன் வால்வு அதைச் சாதிக்கிறது. மூச்சுவிடக் கழுத்தில் இடப்பட்ட துளையை விரலால் மூடிக்கொண்டு மூச்சை விட்டால், காற்று வால்வு வழியே உணவுக்குழாய்க்குள் புகுந்து, அதன் மேற்பகுதியை அதிரவைத்துக் குரலாகிறது.

கருவியின்றியே உணவுக்குழாயால் பேசப் பழகலாமே என்பார்கள். பல மாதப் பயிற்சிக்குப் பிறகும் பலருக்கு அது கைகூடுவதில்லை. விலை அதிகம் என்ற வாதமும் இனி எடுபடாது: பெங்களூரு மருத்துவர் விஷால் ராவ் உருவாக்கிய ‘ஓம்’ கருவி சுமார் 50 ரூபாய்க்கு அறிமுகமானது. ஆனால் எந்த வால்வும் நிரந்தரமல்ல. பூஞ்சை படிந்து கசிந்தால் மாற்றியாக வேண்டும். ஆகவே கருவி, மாற்றும் செலவு, பேச்சுப் பயிற்சி மூன்றையும் அரசுக் காப்பீடு சேர்த்தே ஏற்க வேண்டும்.