பத்து நிமிடச் சைவம்

புதுக்கோட்டை பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில் அந்த இணைப்புப் புத்தகம் தொங்கிக்கொண்டிருந்தது. அவசரச் சைவச் சமையல், முப்பது வகை. ஆலங்குடி வண்டிக்கு நேரமிருந்ததால் வாங்கிப் புரட்டினேன். பத்து நிமிடத்தில் புதினா சாதம், எட்டு நிமிடத்தில் அவல் உப்புமா, குக்கரில் மூன்று விசில் விட்டால் சாம்பார் சாதம். ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் 'தேவையான பொருட்கள்'. அளவெல்லாம் கறாராக இருந்தது. யார் கை, யார் தண்ணீர், யார் வீட்டு அடுப்பு என்பது மட்டும் எந்தக் குறிப்பிலும் இல்லை. சமையல் குறிப்பில் போய்ச் சாதியைத் தேடுகிறாளே இவள் என்று சிலர் சிரிக்கலாம். தேடவே வேண்டாம் ஐயா, அட்டையிலேயே இருக்கிறது: சைவம்.

தமிழ் எம்.ஏ. படித்தவள் என்பதால் இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய வழக்கு உண்டு. சிவனைக் கும்பிடும் சமயத்தின் பெயர் எப்படிக் கத்தரிக்காய்க்கும் வெண்டைக்காய்க்கும் பெயரானது? ஈழத்தில் மரக்கறி என்கிறார்கள். அது காயைச் சொல்கிற சொல். சைவம் என்பது தின்கிற ஆளின் தகுதியைச் சொல்கிற சொல். அதோடு விட்டார்களா? மிச்சப் பேர் தின்பதற்கெல்லாம் 'அசைவம்' என்று ஒரு 'அ'வை முன்னால் ஒட்டிவைத்தார்கள். நம் சோற்றுக்குச் சொந்தப் பெயர்கூடக் கிடையாது. அவர்கள் சோறு இல்லாதது நம் சோறு. வகுப்பில் புறநானூறு நடத்தும்போது கறியும் கள்ளும் வருகிற பாட்டுகளை ஆசிரியர் ஓட்டமாக ஓடிக் கடந்தார். அந்தணரான கபிலருக்கு ஊன்சோற்றைப் பாடுவதில் கூச்சமில்லை. நடத்தியவருக்குத்தான் கூச்சம். பௌத்தத்தோடு நடந்த போட்டியில்தான் பார்ப்பனர்கள் மாட்டுக்கறியை விட்டுச் சைவத்துக்கு ஏறினார்கள் என்று அம்பேத்கர் 1948இல் 'தீண்டப்படாதார்' நூலில் விளக்கியது நம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். நீட்டவில்லை.

எங்கள் வீட்டில் மாதத்தில் இருபத்தெட்டு நாள் சைவம். அவசரச் சமையலும்தான். அம்மா நடவுக்கோ கடலை பிடுங்கவோ போய்த் திரும்பும்போது இருட்டியிருக்கும். தைலமரக் காட்டில் பொறுக்கிய சுள்ளிதான் அடுப்புக்கு. சடசடவென்று பிடிக்கும், சடக்கென்று அணையும். அது அணைவதற்குள் உலை கொதித்தாக வேண்டும். தணலில் நாலு மிளகாயைச் சுட்டு, புளி, உப்பு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கையாலேயே பிசைந்து கரைக்கும். வரப்பில் பறித்து மடியில் கட்டிவந்த பண்ணைக்கீரை இருந்தால் அன்றைக்கு விருந்து. கூலியோடு கடலையும் கொடுக்கிற நாட்களில் கடலைத் துவையல். எல்லாம் பத்து நிமிடம். ஆனால் எங்கள் தெருவில் யாரும் இதைச் சைவம் என்று சொன்னதில்லை. வெறுங்குழம்பு என்பார்கள். கறி எடுக்கக் காசில்லை என்று பொருள். "என்னத்தச் சொல்ல, இன்னைக்கும் வெறுங்கொழம்புதான், தின்னுட்டுப் படு" என்று அம்மா சொல்லும்போது அந்தக் குரலில் ஜீவகாருண்யம் எதுவும் ஒட்டியிருக்காது.

பத்திரிகை சொல்கிற அவசரச் சமையல் எங்கள் தெருவுக்கு வந்தது பத்திரிகை வழியாக அல்ல. 2006க்குப் பிறகு அரசு கொடுத்த எரிவாயு அடுப்பு, 2011க்குப் பிறகு கொடுத்த மிக்சி, கிரைண்டர், ரேஷன் அரிசி. இலவசம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று புலம்புகிறவர்கள் அம்மியில் அரைத்துப் பார்த்தவர்கள் அல்ல. 2022இல் சிலிண்டர் விலை ஆயிரத்தைத் தாண்டியபோது அம்மா மறுபடி சுள்ளிக்குப் போனது வேறு கதை.

கல்யாணமான புதிதில் புதுக்கோட்டை டவுனில் வீடு தேடினோம். எந்த வாசலிலும் சாதி கேட்கவில்லை. நாகரிகமான மனிதர்கள். "நீங்க சைவமா?" என்றுதான் கேட்டார்கள். நாலு வீட்டில் "எல்லாம் சாப்பிடுவோங்க" என்று சொல்லித் திரும்பினோம். ஐந்தாவது வீட்டில் நான் பொய் சொன்னேன். "ஆமாங்க, சைவந்தான்." மேடையில் நின்று உணவுரிமை பேசுகிறவள் சொன்ன பொய் இது. எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது.

இரண்டு வருடம் அந்த வீட்டில் நானும் அந்த முப்பது வகையைத்தான் சமைத்தேன். ஒரு முறை அம்மா பையில் நெத்திலிக் கருவாடு கொண்டுவந்தது. வாசலுக்குள் வருவதற்கு முன்பே பையை வாங்கி, தெருமுனைத் தோழர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி சாப்பிடும்போது மட்டும், "எம்மேலயும் நாத்தம் அடிக்குதாடி?" என்றது. அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்கார அம்மாவுக்கு என் ரசம் பிடிக்கும். வாரத்துக்கு ஒரு தடவையாவது டம்ளர் மேலே போகும். "கைப்பக்குவம் நல்லாருக்கும்மா" என்பார். ஓர் ஏப்ரல் 14 அன்று, அம்பேத்கர் சிலைக்கு மாலை போட்டுவிட்டுத் தோழர்கள் நீலக்கொடியோடு வீட்டுக்கு வந்தார்கள். அந்த வாரம் நான் கொடுத்த ரசத்தை அவர் முருங்கைமரத்து அடியில் ஊற்றியதை மாடிப்படியில் நின்று பார்த்தேன். அதே புளி, அதே தக்காளி, அதே பூண்டு. அடுத்த மாதம், மகன் வருகிறான், வீடு வேண்டும் என்றார்கள்.

ஆகவே, காய்கறி சாப்பிடுவதைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. கீரையும் பருப்பும் எங்களுக்கும் பிடிக்கும். கை சுத்தமாக இருந்தால்தான் காய் சுத்தம் என்று வைத்திருக்கிறார்களே, அதில்தான் சண்டை. நம்பாதவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் ஒரு தலித் பெண் சத்துணவு சமைக்கக்கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் திரண்டார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அந்தப் பெண்ணை இடம் மாற்றியதுதான். எதிர்ப்பு வந்த பிறகே உத்தரவு திரும்பியது. 2022 செப்டம்பரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் வந்தது. ஒரு பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ சேமியாவோ அரிசியோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, உள்ளூர்க் காய். பள்ளி மணிக்கு முன்னால் செய்து முடிக்கிற சைவ உப்புமா, கிச்சடி, பொங்கல். பத்திரிகைக்காரர்கள் சொல்கிற அவசரச் சைவம் அப்படியே. 2023 ஆகஸ்டில் அது மாநிலம் முழுக்கப் போனது. அடுத்த மாதமே கரூர் வேலன்செட்டியூரிலும் தூத்துக்குடி உசிலம்பட்டியிலும் தலித் பெண் சமைத்தது வேண்டாம் என்றார்கள். கரூரில் ஆட்சியர் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். உசிலம்பட்டியில் அமைச்சரும் எம்.பி.யும் சாப்பிட்டார்கள். நல்லது. மறுநாள் யார் சாப்பிடுவது? உப்புமாவில் எலும்பு கிடந்ததா, முள் கிடந்ததா?

எல்லாக் குறிப்பிலும் ஒரு வரி தவறாமல் வருகிறது: தேவையான அளவு தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிடவும். எங்கள் மாவட்டத்துக்காரியால் இந்த வரியைச் சும்மா வாசிக்க முடியவில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயல் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. பிள்ளைகள் நோயில் விழுந்த பிறகே தெரிந்தது. அதுவரை அந்தத் தண்ணீரில்தான் சோறு பொங்கினார்கள், சாம்பார் வைத்தார்கள். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. அந்த மக்களிலேயே மூன்று பேரைக் குற்றவாளிகள் என்றது. பாதிக்கப்பட்டவர்கள் அதை ஏற்கவில்லை. நாமும் ஏற்கவில்லை.

மதிய உணவுச் சமையலில் தலித்துகளுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரல் 20 அன்றே உத்தரவிட்டது. இதைச் சொன்னால் அலுவலகங்களில் புதுச் செய்தி கேட்பதுபோல் பார்க்கிறார்கள். எங்கள் ஊர்ப் பள்ளியில் காலைச் சமையலுக்கு ஆள் எடுத்தபோது மகளிர் குழுவில் எங்கள் தெருப் பெண்களும் இருந்தார்கள். "ஒங்களுக்கெதுக்கு இந்தச் செரமம், பாத்திரம் கழுவ வேணா வாங்க" என்று அன்பாகச் சொன்னார்களாம். அம்மாவும் இன்னும் ஆறு பேரும் கைநாட்டும் கையெழுத்துமாக மனு கொடுத்திருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவள் நான். சமையல் தெரியும் என்பதற்கு என்ன சான்று என்று கேட்டு மனுவைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வரும் திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு அடுப்பும் ரவையும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகம் போகிறோம்.