காசி தந்த ஆட்டக்காரர்

காசி என்றவுடன் நம்மவர் நெஞ்சிலே கங்கையும் விசுவநாதர் கோயிலுமே முன்னிற்கும். சங்கீதப் பிரியர்க்குப் பிஸ்மில்லா கானின் ஷெனாய் நினைவுக்கு வரலாம். ஆனால், ஹொக்கி இரசிகர் நடுவே காசி என்று சொல்லிப் பாருங்கள். முகம்மது ஷாஹித் என்ற பெயரே முதலில் எழும்.

அன்னார் 2016ஆம் ஆண்டு ஜூலை 20ஆந் திகதி, ஈரல் நோயினால், டில்லியை அடுத்த குர்காவோனில் வைத்தியசாலையொன்றிற் காலமானார். வயது 56. றியோ ஒலிம்பிக் தொடங்க இரண்டு கிழமைக்குச் சற்று அதிகமான நாட்களே இருந்தன.

இரசிகர்கள் அவரை எதற்காக நினைக்கின்றனர்? பதக்கத்துக்காக என்றால் அது பாதி உண்மைதான். அவரைக் களத்திற் கண்டவர்கள் முதலில் எடுத்துப் பேசுவது அவர் பந்தைக் கொண்டு செல்லும் வித்தையையே. மாணவ நேயர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். ஹொக்கி மட்டையின் ஒரு பக்கமே தட்டையானது, மறுபக்கம் உருண்டிருக்கும். தட்டைப் பக்கத்தாலேயே பந்தை ஆட வேண்டும் என்பது விதி. ஆகவே பந்தை வலமும் இடமுமாக மாற்றி மாற்றி இழுத்துச் செல்பவர், ஒவ்வொரு முறையும் மணிக்கட்டைத் திருப்பி மட்டையைக் கவிழ்க்க வேண்டும். நின்றுகொண்டு செய்து பாருங்கள், அதன் கடினம் தெரியும். ஷாஹித் அதனை முழு வேகத்தில் ஓடிக்கொண்டே செய்தார். எதிரே வந்தவர் ஒரு பக்கஞ் சாய்வார். பந்து மறுபக்கத்தாற் போய்விட்டிருக்கும். தள்ளுதலா அடியா என்று பிரித்தறிய இயலாத ஓர் அடியும் அவரிடம் இருந்தது. இடப்புற ஓரத்தில் ஸஃபர் இக்பால், அவருக்குத் துணையாக ஷாஹித் என்று அமைந்த அந்த இணையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பழைய இரசிகர்கள் இலேசில் நிறுத்தமாட்டார்கள்.

1980இல் மொஸ்கோ ஒலிம்பிக்கில் இந்தியா தங்கம் வென்றது. அணித்தலைவர் தமிழ்நாட்டு வீரர் வாசுதேவன் பாஸ்கரன். இறுதியாட்டத்தில் ஸ்பெயினை 4-3 என்ற கணக்கில் வென்றனர். அந்த நான்காவது கோல் ஷாஹித்துடையது. அரசியற் காரணத்தாற் பாக்கிஸ்தானும் மேற்கு ஜெர்மனியும் ஒல்லாந்தும் வராத போட்டி அது, அதனால் அத்தங்கத்துக்கு மாற்றுக் குறைவு என்று சொல்வார் உளர். அணியைப் பற்றி அவர்கள் என்னவும் சொல்லட்டும். ஷாஹித்தைப் பற்றி அவ்வாறு சொல்ல எனக்கு மனமில்லை. அவ்வாண்டு ஜனவரியிலே, அம்மூன்று அணிகளும் ஆடிய கராச்சிச் சாம்பியன்ஸ் கிண்ணப் போட்டியில், சிறந்த முன்னணி ஆட்டக்காரர் என்று தெரிவுசெய்யப்பட்டவர் அவரே. அப்பொழுது அவருக்கு இருபது வயது நிரம்பவில்லை.

வெற்றி மட்டுமே கண்டவரல்லர். 1982இல் டில்லி ஆசிய விளையாட்டு இறுதியாட்டத்தில் பாக்கிஸ்தானிடம் 1-7 எனத் தோற்ற அணியிலும் அவர் இருந்தார். 1986இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1988ஆம் ஆண்டுச் சியோல் ஒலிம்பிக்கே அவருக்குக் கடைசி ஒலிம்பிக். அப்பொழுது வயது 28. பின்னர் இரயில்வே உத்தியோகத்துடன் காசியிலேயே தங்கிவிட்டார். வேறு ஊர் தேடிப் போகும் ஆசை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

அவர் மறைந்தபொழுது வாக்குறுதிகளுக்குக் குறைவில்லை. இரண்டாண்டு கழித்து, 2018இல், அவை நிறைவேறவில்லை என்று மனம் நொந்த அவருடைய மனைவியார், கணவரின் பதக்கங்களைத் திருப்பிக் கொடுக்கப்போவதாக அறிவித்தார். 2025 செப்டெம்பரில், வீதியை அகலிக்கும் வேலைக்காகக் காசியில் அக்குடும்பத்து வீட்டின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. பங்குதாரர்க்கு நட்டஈடு கொடுக்கப்பட்டது என்றனர் அதிகாரிகள். சட்டப்படி சரியாகவே இருக்கலாம். எனினும் அச்செய்தியை வாசித்தபொழுது ஷாஹித்தின் ஆட்டத்தை நேசித்தவர்களுக்கு மனம் கனத்திருக்கும்.

மொஸ்கோ இறுதியாட்டத்தின் படத்துண்டு ஏதேனும் காணக் கிடைத்தால், மாணவர்கள் பந்தை விட்டுவிட்டு அவருடைய மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருக்கட்டும்.